நாலு பேரும் தலைவர்களாக இருந்த குழு

புதிதாகக் குழு சேர்க்கிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், எந்த கிடார் வாங்கலாம், எந்த ஸ்பீக்கர் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்குத் தெரியும் என்று நான் நம்புவது வேறொன்று. நம்மைவிடக் கெட்டிக்காரன் பக்கத்தில் நின்று வாசிக்கும்போது நாம் என்ன செய்வது? அதை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு ராக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தேன். குழுவின் பெயர் ‘நால்வர்’. பாலக்காட்டுப் பக்கம் இன்றும் அதை நினைவு வைத்திருக்கிற சில பேர் உண்டு. எல்லோரும் என்னைப் போலத் தலை நரைத்தவர்கள். நாங்கள் நாலு பேரும் அந்தக் குழுவில் சேர்வதற்கு முன்பே தனித்தனியாகப் பெயர் வாங்கியிருந்தோம். சிக்கலே அதுதான்.

கிடார் வாசித்தவன் விக்டர். போத்தனூர் ரயில்வே காலனி, ஆங்கிலோ இந்தியக் குடும்பம், அப்பா எஞ்சின் டிரைவர். கோவையில் ஒரு ஹோட்டலில் அவன் பெயரிலேயே பேண்ட் ஓடிக்கொண்டிருந்தது. பாடவும் செய்வான். ஆர்கன் வாசித்தவன் யூசுப். பாலக்காட்டுத் தமிழ் ராவுத்தர் குடும்பம், கடைத்தெருவில் ஜவுளிக்கடை. பகலில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பான். மாலையில் அவனுடைய மெல்லிசைக் குழு இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாண வரவேற்பே நடக்காது. டிரம்ஸ் வெங்கிடு அண்ணா. எங்களில் மூத்தவர். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், மிருதங்கத்தில் ஆரம்பித்து டிரம்ஸுக்கு மாறி, அதற்காக வீட்டில் வாங்காத பேச்செல்லாம் வாங்கி, கொச்சியில் ஒரு கிளப் பேண்டை நடத்திக்கொண்டிருந்தார். நான் பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் நல்லேப்பிள்ளி. பெயர் சாமிநாதன், மேடையில் எல்லோருக்கும் சாமி. கோவையில் பேஸ் கிடாருக்கு ஆள் வேண்டும் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். சொந்தமாக ஒரு சின்னக் குழுவும் வைத்திருந்தேன்.

பாலக்காட்டில் ஒரு கிளப்பின் ஆண்டு விழாவுக்கு எங்கள் நாலு குழுக்களையும் அழைத்திருந்தார்கள். கடைசியில் கிளப் செயலாளர் ஆசைப்பட்டு, குழுவுக்கு ஒருவராக எங்களை மேடையேற்றி ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். ஒத்திகை எதுவும் இல்லை. அந்த ஒரு பாட்டு அமைந்த விதம் இருக்கிறதே, இறங்கி வந்த பிறகும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். அடுத்த வாரமே குழு ஆரம்பித்துவிட்டோம்.

முதல் சண்டை போஸ்டரில் வந்தது. யார் பெயர் முதலில்? விக்டர் தன் ஹோட்டலைச் சொன்னான். யூசுப் தன் கல்யாண மேடைகளைச் சொன்னான். வெங்கிடு அண்ணா வயதைச் சொல்லவில்லை, தொண்டையை மட்டும் கனைத்தார். சித்தூர் அச்சகக்காரர் சலித்துப்போய் நாலு பெயரையும் வட்டமாக அடித்துக் கொடுத்துவிட்டார். ஜனங்கள் சுவருக்கு முன்னால் நின்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார்கள்.

அந்தப் போஸ்டர் அழைத்துவந்த கூட்டத்துக்கு முன்னால், சித்தூரில், நாங்கள் படுதோல்வி அடைந்தோம். யாரும் தப்பாக வாசிக்கவில்லை. நாலு பேரும் நன்றாக வாசித்தோம், நாலு பேரும் முழுசாக வாசித்தோம். விக்டர் ஏறினால் யூசுப் அவனுக்கு மேலே ஏறுவான். இரண்டு பேரும் கேட்கவில்லையே என்று வெங்கிடு அண்ணா பலமாக அடிப்பார். நான் மட்டும் சளைத்தவனா? பாதியில் பின்வரிசை காலியாக ஆரம்பித்தது. முடியும்போது முன்வரிசையில் எங்கள் வீட்டாட்கள்தான் மிச்சம்.

வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி சரசுவிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

“ஏனுங்க, நாலு பேரும் நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா ஒரே நேரத்துல பேசுனா யாரு பேச்சைங்க கேக்கறது?” என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “நீங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்ட மாதிரியே தெரியலீங்க” என்றாள்.

மறுநாள் ஒத்திகையில் அதை அப்படியே சொன்னேன். ஒத்திகை நடப்பது யூசுபின் கடைக்குப் பின்னால் இருந்த துணி குடோனில். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். வெங்கிடு அண்ணா எழுந்து, “அவ சொன்னது செரியாக்கும். நான் போய் வெளியில உக்காந்துக்கறேன். நீங்க மூணு பேரும் வாசிங்கோ. கேட்டுப் பாக்கறேன்” என்றார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒவ்வொரு ஒத்திகையிலும் முறை வைத்து ஒருவர் வெளியே போய்க் கடையின் முன்பக்கம் உட்கார்ந்து மற்ற மூன்று பேரைக் கேட்போம். வேறு எதுவும் செய்யவில்லை. நீங்களும் செய்து பாருங்கள். தான் இல்லாதபோது பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தெரிவது முதலில் கொஞ்சம் வலிக்கும். பிறகு எங்கே தான் தேவைப்படுகிறோம் என்பது தெரியும்.

அப்படித்தான் எங்கள் சொந்தப் பாட்டு பிறந்தது. அதைக் கணவாய்ப் பாட்டு என்போம். பாலக்காட்டுக் கணவாயில் வாளையார் வழியாகக் காற்று வருகிற மாதிரி ஆர்கன் ஆரம்பிக்கும். டிரம்ஸ் ரயில் ஓடுகிற தாளத்தைப் பிடிக்கும். விக்டர் தமிழில் பாடுவான். நடுவில் கிடார் தனியாக வாசிக்கும். அந்தத் தனி வாசிப்பு விக்டரின் சொத்து. தொலைவில் ஒரு எஞ்சின் கூவுவதுபோலத் தொடங்கி, நெருங்கி நெருங்கி, தலைக்கு மேலேயே வந்துவிடும். நீளம்தான் கொஞ்சம் அதிகம். அது முடியும்வரை யூசுப் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

“உன் ரயில் எப்ப ஸ்டேஷனுக்கு வரும்? எனக்குக் கடை அடைக்கணும்” என்பான் யூசுப்.

“பொறுமையா இரு மேன். சிக்னல் விழல” என்பான் விக்டர்.

விளையாட்டாகத் தொடங்குவது சில நாட்களில் வினையாக முடியும். ஒருநாள் யூசுப் ஆர்கனை அணைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டான். இரண்டு பேரும் ஒருவர் இல்லாதபோது மற்றவரைப் பற்றி என்னிடம் குறை சொல்வார்கள். ஒருவர் சொன்னதை நான் மற்றவரிடம் கொண்டுபோனதில்லை. என்னைப் போலக் குழுவின் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்கிறவனுக்குப் பாதி வேலை அதுதான்.

இப்போது வண்டன்மேட்டுக்கு வருகிறேன். நான் சொல்ல நினைத்ததே அதைத்தான்.

மலைமேல் இருக்கிற அந்த ஊரில் ஒரு ஏலக்காய் எஸ்டேட் விழாவுக்கு அழைத்திருந்தார்கள். பொள்ளாச்சி, பழனி வழியாகச் சுற்றிக் கம்பத்தில் காபி குடித்துவிட்டு மலையேறினோம். வாடகை வேன். வழியெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அந்தத் தனி வாசிப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று யூசுப், முடியாது என்று விக்டர். மத்தியானம் எஸ்டேட்டில் இறங்கியபோது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆர்கனை இறக்கிவிட்டு யூசுப் வேன் கதவை இழுத்துச் சாத்தினான். உள்ளே மறந்த எதையோ எடுப்பதற்காக விக்டர் இடது கையை நீட்டியிருந்தான்.

விக்டர் கத்தவில்லை. “யூசுப், கதவைத் திற” என்றான், அவ்வளவு மெதுவாக. அந்தக் குரல் இன்றும் எனக்குக் கேட்கிறது.

இரண்டு விரல்கள். தந்தியை அழுத்துகிற கையின் விரல்கள். நகங்கள் கறுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கின. எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் திருநெல்வேலிக்காரர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எலும்பு ஒடையலன்னுதான் நெனைக்கேன் சார். ஆனா இந்த விரலை வளைக்கக் கூடாது. வீக்கம் வடியட்டும், கீழ போய்ப் படம் எடுத்துப் பாருங்க” என்று கட்டுப் போட்டுவிட்டார்.

யூசுப் டிஸ்பென்சரி வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. வேன் டிரைவர் யாரிடமோ, “வழியெல்லாம் சண்டைங்க ரெண்டு பேருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. யூசுபின் முகம் வெளுத்துப்போயிற்று.

வெங்கிடு அண்ணா டிரைவரின் தோளில் கை வைத்தார். “கதவைப் பத்தி இனிமே யாரும் ஒரு வார்த்தை பேசப்படாது. கேட்டேளா? கச்சேரி முடியறவரைக்கும் கதவுன்னு ஒண்ணே கிடையாது” என்றார். அதை டிரைவருக்குச் சொல்வதுபோல எங்களுக்கும் சொன்னார்.

விழாவுக்குப் பொறுப்பாக இருந்த கணக்கப்பிள்ளை என்னைத் தனியே அழைத்துப் போனார். “சார், சனம் காலையிலேருந்து வந்துக்கிட்டே இருக்கு. தூரத்து லயத்து வீடுகள்லேருந்தெல்லாம் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு நடந்து வந்திருக்காங்க. இல்லன்னு சொல்லிராதீங்க” என்றார். திரும்பிப் பார்த்தேன். சரிவில் படிப்படியாக உட்கார்ந்திருந்தார்கள். ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்கள், பெண்கள்தான் அதிகம். மஞ்சளும் சிவப்புமாக நல்ல சேலைகள் கட்டி வந்திருந்தார்கள்.

முடிவு என்னிடம் வந்து நின்றது. இந்த மாதிரி நேரத்தில் மனம் முதலில் ஓடுவது மன்னிப்புக் கேட்கிற பக்கம். மேடையேறி, எங்கள் கிடார்க்காரருக்கு அடிபட்டுவிட்டது, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அவர்கள் நடந்து வந்தது உங்களுக்காகப் பரிதாபப்பட அல்ல. அடுத்தது, அடிபட்டவனை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் சமாளிப்பது. அதையும் யோசித்தேன். ஆனால் விக்டர் உள்ளே படுத்திருந்தால் யூசுபால் ஒரு கட்டையைக்கூட அழுத்த முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் அடிபட்டவர்கள் இரண்டு பேர்.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். வெதுவெதுப்பாக, மூச்செல்லாம் ஏலக்காயாக மணந்தது. விக்டர் சாக்கு மூட்டையில் சாய்ந்திருந்தான். “பாட முடியுமா?” என்று கேட்டேன்.

“தொண்டையிலயா அடி?” என்றான். பிறகு வாசலைப் பார்த்து, “அவன் எங்க?” என்றான்.

யூசுபைக் கூட்டிவந்தேன். அவன் எதிரே நின்றான், கையைப் பார்த்தான். விக்டர்தான் பேசினான். “நீ பாக்கல. எனக்குத் தெரியும். இப்ப அதை விடு மேன். கணவாய்ப் பாட்டுல என்னோட எடம் வரும்போது என்ன பண்ணப் போறோம்? அதைச் சொல்லு.”

“தாண்டிப் போயிரலாம்” என்றேன் நான்.

“வேண்டாம்” என்றான் யூசுப். அவ்வளவுதான் சொன்னான்.

வெயில் இருக்கும்போதே மேடையேறிவிட்டோம். மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். விக்டர் கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு முன்னால் நின்று பாடினான். பாதிப் பாட்டுகள் இங்கிலீஷ். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கிடார் இல்லாத ஓட்டையை நானும் யூசுபும் முடிந்தவரை அடைத்தோம். கணவாய்ப் பாட்டை எடுத்தபோதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழ் வந்ததே, அதனால்.

விக்டரின் இடம் வந்தது. பாடிக்கொண்டிருந்தவன் மைக்கை விட்டு விலகித் தலையைக் குனிந்துகொண்டான். யூசுப் ஒரு கணம் காத்திருந்தான். பிறகு தொலைவில் எஞ்சின் கூவியது.

அவன் வாசித்தது தன்னுடைய வாசிப்பு அல்ல. யூசுப் தன் கைவரிசையைக் காட்டுகிற ஆள். கல்யாண மேடைகளில் அவன் விரல்கள் பறப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடும். இங்கே ஒரு சுரம் கூட அவனுடையது இல்லை. விக்டர் எங்கே நிறுத்துவானோ அங்கே நிறுத்தினான். விக்டர் எங்கே திரும்பச் சொல்வானோ அங்கே திரும்பச் சொன்னான். ஆர்கனில் தந்தியை இழுக்க முடியாது. அந்த இடங்களில் பக்கத்துக் கட்டையை லேசாக உரசிக்கொண்டு போனான். எந்த வாசிப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி மலையேறும் வழியெல்லாம் சண்டை போட்டானோ, அதை ஒரு இடமும் விடாமல் முழுசாக வாசித்தான். கடையின் முன்பக்கம் உட்கார்ந்து கேட்ட நாட்களிலெல்லாம் அவன் அதை மனப்பாடம் செய்துகொண்டே இருந்திருக்கிறான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியாது.

விக்டர் திரும்பி அவனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதெல்லாம் மறந்துவிட்டது. வெங்கிடு அண்ணா தாளத்தைக் கொஞ்சமும் ஏற்றாமல், இறக்காமல், அந்த ரயிலுக்குத் தண்டவாளம் போட்டுக்கொண்டே போனார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கு என் விரல்கள் எங்கே போகின்றன என்றே தெரியவில்லை. அவை சரியான இடத்தில்தான் போயிருக்க வேண்டும்.

பாட்டு முடிந்ததும் சரிவில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எங்களுக்குள் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் என்னவோ நடந்தது என்று தெரிந்திருந்தது. இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டார்கள், பாடினோம்.

திரும்பும்போது வேன் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. விக்டரின் அடிபட்ட கை எங்கும் இடித்துவிடாதபடி யூசுப் அதைத் தன் மடியில் ஒரு துணி மூட்டைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“யூசுப்” என்றான் விக்டர். “நடுவுல ரெண்டு எடம் போர் அடிக்குது மேன். இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லலையே.”

“டெய்லி சொன்னேன்” என்றான் யூசுப்.

வேனுக்குள் எல்லோரும் சிரித்தோம். வாய்விட்டு அழ வேண்டிய அளவுக்குச் சிரித்தோம்.

விரல்கள் உடையவில்லை. அந்த வருஷத்து மழைக்காலம் முடிவதற்குள் விக்டர் மறுபடி கிடாரை எடுத்துவிட்டான். அந்த இரண்டு இடங்களையும் வெட்டிவிட்டான். அதன்பிறகு நாங்கள் வாசித்த மாதங்கள்தான் ‘நால்வர்’ உண்மையிலேயே ஒரு குழுவாக இருந்த மாதங்கள். போஸ்டரில் யார் பெயர் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. பெயர் பெற்ற நாலு பேரைச் சேர்த்தால் குழு வந்துவிடாது, பிள்ளைகளே. ஒருவனுடைய வேலையை இன்னொருவன் எவ்வளவு அன்பாகக் கேட்டிருக்கிறான் என்பது வெளிப்படுகிற நாள் ஒன்று வர வேண்டும். அந்த நாளை நாம் ஏற்பாடு செய்ய முடியாது. அது வரும்போது குறுக்கே நிற்காமல் இருக்கலாம், அவ்வளவே.

பிறகு போத்தனூர் காலனி காலியாக ஆரம்பித்தது. ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விக்டரின் அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தாள். ஒருநாள் ஒத்திகைக்கு வந்தவன் கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. “எங்கம்மா பொட்டியெல்லாம் கட்டிட்டாங்க” என்றான்.

நாங்கள் போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. யூசுப் எழுந்து கடைக்குள் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். கம்பளித் துணி ஒன்றை எடுத்துவந்து விக்டரின் தோளில் வைத்து அளவு பார்த்தான். “அங்க குளிரும்னு சொல்றாங்க. கோட்டு தைச்சுத் தர்றேன். எந்திரிச்சு நில்லு” என்றான்.

விக்டர் போன பிறகு ஒரே ஒரு நிகழ்ச்சி பாக்கி இருந்தது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலை ஆண்டு விழா, முன்பே ஒத்துக்கொண்டது. மூன்று பேராகப் போனோம். வேறு கிடார்க்காரர்கள் வரத் தயாராக இருந்தார்கள், நாங்கள் கேட்கவில்லை. பாட்டை நானும் யூசுபும் பகிர்ந்து பாடினோம். கடைசியில் கணவாய்ப் பாட்டு. அந்த இடம் வந்தபோது நான் யூசுபைப் பார்த்தேன். வண்டன்மேட்டில் வாசித்தது போல வாசிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் கட்டைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டான்.

நானும் வெங்கிடு அண்ணாவும் நிறுத்தவில்லை. ரயில் தாளமும் அதற்கு அடியில் பேஸும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. வெங்கிடு அண்ணா சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். அந்த வாசிப்பு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் யூசுப் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சரியாக அது முடிகிற இடத்தில் கைகளை வைத்தான். பாட்டு மேலே போயிற்று.

இறங்கியதும், “ஏன் வாசிக்கல?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு அவன் பக்கத்துல நின்னான். அதனால வாசிச்சேன்” என்றான்.

வாசகசாலைச் செயலாளர் எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். “ஏனுங்க, எல்லாம் நல்லா இருந்துச்சுங்க. கடைசிப் பாட்டுத்தான் நடுவுல நின்னு போன மாதிரி இருந்துச்சுங்களே?”

வெங்கிடு அண்ணா டீயை வாங்கிக்கொண்டார்.

“நிக்கலை சார். எங்கள்ல ஒருத்தன் ஊருக்குப் போயிருக்கான்” என்றார்.